ஒரே வகுப்பு, இரண்டு பாதைகள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததுமே நம் வீடுகளில் பேச்சு ஆரம்பித்துவிடும்: "இன்ஜினீயரிங்கா, பி.காம்.மா, சி.ஏ.வா?" மும்பை செம்பூரானாலும் சரி, இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு நடுவே இருக்கிற சக்குபள்ளமானாலும் சரி, கவலை ஒன்றுதான். அந்த ஒரு முடிவோடு பிள்ளையின் எதிர்காலமே தீர்மானமாகிவிடும் என்று பயப்படுகிறோம். பாலக்காட்டின் சரித்திரம் அப்படிச் சொல்லவில்லை.

1866-இல் பள்ளிக்கூடமாகத் தொடங்கிக் கல்லூரியாக வளர்ந்தது பாலக்காடு விக்டோரியா கல்லூரி. கல்பாத்தி, நூரணி போன்ற கிராமங்களின் பிள்ளைகள் பலர் அங்கே படித்துவிட்டுத்தான் சென்னைக்கும் பம்பாய்க்கும் ரயிலேறினார்கள். அங்கே இன்டர்மீடியட் படித்தவர்களில் இருவர், 1932-இல் பிறந்த டி.என்.சேஷனும் இ.ஸ்ரீதரனும். பாசல் மிஷன் பள்ளியிலேயே அவர்கள் வகுப்புத் தோழர்கள். காக்கிநாடா இன்ஜினீயரிங் கல்லூரியில் இருவருக்குமே இடம் கிடைத்தது. ஸ்ரீதரன் சேர்ந்தார். சேஷனோ சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் பௌதிகம் படிக்கப் போனார்.

அத்துடன் எல்லாம் முடிவாகிவிடவில்லை. ஸ்ரீதரன் கோழிக்கோடு பாலிடெக்னிக்கில் சிறிது காலம் பாடம் நடத்தினார். பம்பாய்த் துறைமுகத்தில் ஒரு வருஷம் பயிற்சி பெற்றார். அதன் பிறகே ரயில்வே. 1964 டிசம்பர் புயலில் சிதைந்த பாம்பன் பாலத்தை 46 நாட்களில் சீரமைத்தார். கொங்கண் ரயில்வேயும் டெல்லி மெட்ரோவும் பின்னால் வந்தவை.

சேஷன் தாம் படித்த கல்லூரியிலேயே டெமான்ஸ்ட்ரேட்டராக இருந்தார். 1953-இல் போலீஸ் சர்வீஸ் பரீட்சையில் முதலிடம் பெற்றும் அதில் சேராமல், மறுபடி எழுதி 1955-இல் ஐ.ஏ.எஸ். ஆனார். 1990 முதல் 1996 வரை தலைமைத் தேர்தல் கமிஷனராக அவர் செய்ததை நாடே அறியும்.

கவனியுங்கள்: இன்ஜினீயரிங் இடத்தை எடுத்துக்கொண்டவரும் வீணாகவில்லை, விட்டுவிட்டவரும் வீணாகவில்லை. இருவருமே கல்லூரிப் படிப்புக்குப் பிறகு சில காலம் வேலை பார்த்து, பரீட்சை எழுதி, தமக்கான இடத்தைக் கண்டார்கள். அந்த வருஷங்களை யாரும் வீண் என்று சொல்ல மாட்டார்கள்.

நாம் மட்டும் இருபத்தொரு வயதுப் பிள்ளை ஆறு மாதம் யோசித்தால் பதறுகிறோம். பக்கத்திலேயே இருக்கும் வாய்ப்பும் கண்ணில் படுவதில்லை. சக்குபள்ளத்து மாணவனுக்கு அதே ஏலமலையில், மயிலாடும்பாறையில், இந்திய ஏலக்காய் ஆராய்ச்சி நிலையம் 1978 முதல் இருக்கிறது. விவசாய விஞ்ஞானமும் ஒரு உத்தியோகம்தான் என்று எத்தனை பேர் அவனிடம் சொல்லியிருப்போம்?

எனவே உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த விடுமுறையில் உங்கள் உத்தியோகத்தைப் பற்றி, அதன் கஷ்டத்தையும் சேர்த்து, ஒரு கல்லூரி மாணவரிடம் அரை மணி நேரம் பேசுங்கள். முடிவை அவரிடமே விட்டுவிடுங்கள்.