கொம்பும் புல்வெளியும்

ஆல்ப்ஸ் மலைத்தொடரில் 4,478 மீட்டர் உயரத்துக்கு எழுந்து நிற்கும் மாட்டர்ஹார்னுக்குப் பெயர் தந்தது அதன் அடிவாரத்துப் புல். ஜெர்மன் மொழியில் ‘மாட்டெ’ என்றால் புல்வெளி. ‘ஹார்ன்’ என்றால் கொம்பு. அடிவாரத்துச் சுவிஸ் ஊரான செர்மாட்டின் பெயரிலும் அதே புல்வெளிதான் இருக்கிறது. கால்நடை வளர்த்துப் பிழைத்தவர்களுக்குப் பாறையும் பனியும் எதற்கு? மேய்ச்சல் நிலம்தான் அவர்களுக்குச் சோறு போட்டது. அதற்கு மேலே தெரியும் கொம்பு என்று மலைக்கு அடையாளம் சொன்னார்கள். உள்ளூர்ப் பேச்சில் அது ‘ஹோரு’, வெறும் கொம்பு.

கொம்பின் பெயரால் சிகரத்தைச் சுட்டுவது நமக்குப் புதிதன்று. ‘கோடு’ என்னும் சொல் விலங்கின் கொம்பு, யானைத் தந்தம், மலைமுகடு எல்லாவற்றையும் குறிக்கும். திருச்செங்கோட்டில் அது இன்றும் வாழ்கிறது. வடமொழிச் ‘சிருங்க’மும் அப்படியே. வேறு வேறு நிலத்து மொழிகள் ஒரே உருவத்தில் ஒரே பொருளைக் கண்டிருப்பது எனக்குத் தீராத வியப்பு.

இந்த மலையில் முதலில் ஏறிய வழிக்கும் ‘ஹோர்ன்லி’ என்றே பெயர்: சிறு கொம்பு. 1865 ஜூலை 14 அன்று எட்வர்ட் விம்பர் உள்ளிட்ட ஏழு பேர் அவ்வழியே உச்சியை அடைந்தார்கள். இறங்கும்போது இளைஞர் ஹேடோ கால் இடறி வழிகாட்டி குரோஸ் மீது விழ, ஹட்சனும் பிரான்சிஸ் டக்ளஸும் சேர்ந்து இழுபட்டார்கள். டக்ளஸுக்கும் வழிகாட்டி மூத்த டவ்க்வால்டருக்கும் இடையே, அவர்களைப் பிணைத்திருந்த கயிறு அறுந்தது. நால்வர் மாண்டார்கள். விம்பரும் டவ்க்வால்டர் தந்தையும் மகனும் பிழைத்தார்கள். டக்ளஸின் உடல் கிடைக்கவேயில்லை. அறுந்த கயிறு செர்மாட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

மூன்று நாள் கழித்து இத்தாலியப் பக்கத்திலிருந்து ஏறினார் ழான் அந்துவான் கரேல். அவர் ஏறிய மலைக்கு வேறு பெயர்: பிரெஞ்சில் ‘செர்வேன்’, இத்தாலியனில் ‘செர்வீனோ’. இதைப் பார்த்ததும் மான் என்றுதான் தோன்றும். பிரெஞ்சில் ‘செர்ஃப்’, இத்தாலியனில் ‘செர்வோ’ என்றால் மான். ஆனால் பெயரின் வேர் காடு என்பதே பலரும் ஏற்கும் விளக்கம். ‘சில்வா’ என்றால் லத்தீனில் காடு. அதிலிருந்து வந்த ‘சில்வியஸ் மலை’ என்ற பெயர், 16ஆம் நூற்றாண்டு நூல்களில் பக்கத்துக் கணவாயைக் குறித்தது. அதுவே ‘செல்வின்’, ‘செர்வின்’ எனத் திரிந்தது. முதலெழுத்தாக இருந்த ‘எஸ்’ஸை ‘சி’ ஆக்கியவர் ஜெனீவா அறிஞர் சொஸ்யூர் என்பார்கள். மானோடு அவர் முடிச்சுப் போட்டிருக்கலாம். பிரெஞ்சில் எழுத்து மாறியும் ஒலி மாறவில்லை. இத்தாலியரோ அந்த ‘சி’யைத் தங்கள் வழக்கப்படி ‘ச்ச’ என்று அழுத்தி உச்சரிக்க, ஒலியும் மாறிப்போனது.

ஒரே மலைக்கு வடக்கே புல், தெற்கே காடு. இரண்டும் அடிவாரத்தில் வாழ்ந்தவர்கள் கண்ணால் கண்டு வைத்த பெயர்களாகவே எனக்குத் தோன்றுகின்றன. எழுத்தில் மான் நுழைந்துவிட்டது. வரைபடங்களும் அதை ஏற்றுக்கொண்டுவிட்டன. என் தீர்ப்பில், செர்வீனோ காட்டின் பெயரே.