வட்டு உறங்கும் முறை

ஆவடிக்கும் அம்பத்தூருக்கும் இடையே மின்சார ரயிலின் மேல்நிலைக் கம்பியைப் பழுதுபார்க்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். முதலில் அப்பகுதிக்குள் வண்டிகள் நுழையாமல் தடுப்பார்கள். பிறகே மின்சாரத்தை நிறுத்துவார்கள். வேலை முடிந்ததும் முதலில் மின்சாரம், அடுத்து வண்டி. வரிசை மாறினால் வண்டி நடுவழியில் நிற்கும். ஆள் உயிருக்கும் ஆபத்து. கணிப்பொறி வட்டை உறங்க வைப்பதிலும் இத்தகைய வரிசை உண்டு. அது ஒழுங்குபட இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயின.

வேலை இல்லாதபோதும் சுழலும் வட்டு சில வாட் மின்சாரத்தை உண்கிறது. நிறுத்தினால் மிச்சம்தான். ஆனால் வட்டுக்கு மேலே பல அடுக்குகள் உள்ளன: கோப்புகளைக் கவனிக்கும் நிரல், கோரிக்கைகளை வரிசைப்படுத்தும் நிரல், வட்டின் டிரைவர், வட்டு இணைந்துள்ள கட்டுப்பாட்டுச் சில்லின் டிரைவர். எந்த அடுக்கு முதலில் உறங்குவது?

1992-இல் இன்டெலும் மைக்ரோசாஃப்டும் வகுத்த ஏ.பி.எம். முறையில், மின்சிக்கனம் பெரும்பாலும் பயாஸ் நிரலின் பொறுப்பு. மேலே யார் எதை எழுதிக்கொண்டிருக்கிறார்கள் என்பதைப் பயாஸ் நன்கு அறியாது. 1996-இல் தோஷிபாவும் சேர்ந்து வெளியிட்ட ஏ.சி.பி.ஐ. முறை அப்பொறுப்பை இயக்க முறைமையிடம் ஒப்படைத்தது.

கணிப்பொறி ஓடும்போதே தனித்தனிக் கருவிகள் உறங்குவதற்கான பொதுவிதிகள், 2009 டிசம்பரில் வெளியான லினக்ஸ் 2.6.32-இல் வந்தன. அவற்றை வகுத்தவர் ரஃபால் வைசோக்கி. பிள்ளை உறங்கிய பின்பே பெற்றோர் உறங்க வேண்டும். விழிப்பதோ பெற்றோர் முதலில். வட்டு பிள்ளை, கட்டுப்பாட்டுச் சில்லு பெற்றோர். வட்டின் இடைத்தேக்கத்தில் நிற்கும் தகவலைத் தட்டில் எழுதச் செய்த பிறகே வட்டை நிறுத்த வேண்டும். அதற்குள் மின்சாரம் போனால் உங்கள் கோப்பு சிதைந்துவிடலாம்!

இன்னொரு முடிச்சும் இருந்தது. வட்டில் உள்ள கோப்பமைப்பு பயன்பாட்டில் இருக்கும்வரை வட்டு உறங்க வழியில்லை. 2013 ஜூனில் வந்த லினக்ஸ் 3.10-இல், கோரிக்கைகளை வரிசைப்படுத்தும் அடுக்கும் இந்த ஏற்பாட்டில் சேர்ந்தது. குறித்த நேரம் கோரிக்கை எதுவும் வராவிட்டால் வட்டு உறங்கலாம். புதுக் கோரிக்கை வந்தால், வட்டு விழிக்கும்வரை அது காத்திருக்கும். ஆனால் "விழித்தெழு" என்னும் கட்டளையும் அதே வரிசை வழியாகத்தானே செல்ல வேண்டும்? அதையும் நிறுத்திவைத்தால், பைத்தியம் தெளிந்தால் கல்யாணம், கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும் என்ற கதைதான். ஆகவே அத்தகைய கட்டளைகளுக்குத் தனி அடையாளமிட்டு, அவற்றை மட்டும் முன்னே விட்டார்கள்.

இவ்வளவு செய்தும், லினக்ஸ் தானாக இவ்வசதியை வட்டுக்கு இயக்கிவிடுவதில்லை. நின்ற வட்டை மீண்டும் சுழற்ற மிகுதியான மின்சாரம் தேவை. அடிக்கடி நிறுத்தினால் தேய்மானமும் கூடும். எவ்வளவு நேரம் சும்மா இருந்தால் உறங்கலாம் என்பதை, வட்டின் வேலையை அறிந்த நீங்களே முடிவு செய்ய வேண்டும்.