படிவத்தின் கட்டங்களும் மலையகத்துப் பெயர்களும்



சில காலத்துக்கு முன் ஒருநாள் மாலை, பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு தாய் என் பாடசாலை அலுவலகத்துக்கு வந்தார். மகனுக்குரிய விண்ணப்பப் படிவமொன்றை நிரப்பித் தருமாறு கேட்டார். அது கடதாசிப் படிவம் அன்று; பி.டி.எஃப். என்னும் உருவில் கணினித் திரைக்கு வந்த படிவம். பையனின் பெயரைத் தமிழில் தட்டச்சுச் செய்தேன். திரையிலே பெயர் தெளிவாகத் தெரிந்தது. அதனைச் சேமித்துக் கொடுத்து, பதுளை நகரத்துக் கொமியூனிகேஷன் கடையில் அச்சிட்டுக் கொள்ளுமாறு அனுப்பினேன். மறுநாள் அவர் கொணர்ந்த தாளிலே கட்டங்கள் மட்டுமே இருந்தன, பெயரைக் காணோம். ஒரு நாட் சம்பளத்தையும் பஸ் காசையும் இழந்த அந்தத் தாய் என்னையும் நோகவில்லை, படிவத்தையும் நோகவில்லை. "நாந்தான் சார் ஏதோ தப்புப் பண்ணிட்டேன்" என்றார்.

பிழை அவருடையது அன்று. ஆயினும் படிவத்தின் குறையை, அதனை நிரப்புவோரின் குறையாகக் கொள்ளும் வழக்கம் நம் மலைநாட்டுக்குப் புதியதன்று. அவ்வழக்கத்தின் வரலாற்றையே இன்று உங்களுடன் பகிர்ந்துகொள்ள விழைகின்றேன்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தமிழகத்திலிருந்து ஊவாத் தோட்டங்களுக்கு வந்த தொழிலாளியின் கழுத்திலே தகரத் துண்டு ஒன்று தொங்கிற்று. எந்தத் தோட்டம், எத்தனையாவது ஆள் என்பவற்றை அதிற் பொறித்த எண்கள் கூறின. அவன் பெயருக்கு அதில் இடமில்லை. தோட்டத்தை விட்டு அவன் வேறிடம் செல்ல விரும்பினாலோ, 'துண்டு' எனப்பட்ட இன்னொரு சீட்டு வேண்டும். அவனுடைய கடன் எவ்வளவு என்பதை அச்சீட்டு உரைக்கும். புதிய தோட்டத்தார் அக்கடனைத் தீர்த்து அவனை எடுத்துக்கொள்வர். கடன் அவனைத் தொடர்ந்து செல்லும். 1921இல் அத்துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. எனினும், சீட்டு இல்லாதவன் ஆளே அல்லன் என்னும் எண்ணம் அதனோடு ஒழிந்துவிடவில்லை.

சுதந்திரம் வந்த 1948ஆம் ஆண்டிலேயே பிரஜாவுரிமைச் சட்டமும் வந்தது. தோட்டத் தமிழரிற் பெரும்பாலோர் அதன் வரம்புக்கு வெளியே நின்றனர். 1949இல் இயற்றப்பட்ட இந்திய பாகிஸ்தானியர் பிரஜாவுரிமைச் சட்டம், விண்ணப்பித்துப் பதிவு பெறும் ஒரு வாயிலைத் திறந்தது. ஆனால் அந்த வாயில் மிகக் குறுகியது. 1946 ஜனவரி 1ஆம் திகதிக்கு முன், திருமணமானவர் 7 ஆண்டும், ஏனையோர் 10 ஆண்டும் இந்நாட்டில் இடைவிடாது வாழ்ந்தமையை மெய்ப்பிக்க வேண்டும். விண்ணப்பத்துக்குத் தரப்பட்ட காலமோ இரண்டே ஆண்டுகள். 1951 ஆகஸ்ட் 5ஆம் திகதியோடு அது முடிந்தது. இலங்கை இந்தியக் காங்கிரஸ் முதலில் இச்சட்டத்தைப் பகிஷ்கரித்தமையால், மிகப் பெரும்பாலான விண்ணப்பங்கள் இறுதி மாதங்களிலேயே குவிந்தன.

எழுத்தறியாத ஒரு கொழுந்தெடுக்கும் தாய், தான் எந்தத் தோட்டத்தில் எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை இருந்தாள் என்பதற்கு எதைச் சான்றாகக் காட்டுவாள்? பிறப்புப் பதிவிலே ஒரு பெயர். செக்ரோலிலே எழுதியவர் காதுக்கு எட்டியபடி இன்னொரு பெயர். வீட்டிலே அழைப்பது வேறொரு பெயர். மூன்றும் ஒருவரே என்று சொல்ல அவளுடைய வாய்ச்சொல்லன்றி வேறு சாட்சி இல்லை. சுமார் 8 இலட்சத்து 25 ஆயிரம் பேருக்காக, ஏறக்குறைய 2 இலட்சத்து 37 ஆயிரம் விண்ணப்பங்கள் சென்றன. முடிவிலே பதிவு பெற்றோர் சுமார் 1 இலட்சத்து 34 ஆயிரம் பேரே. எஞ்சியோர் நாடற்றவர் ஆயினர். 1964 அக்டோபர் 30இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் அவர்களை எண்ணிப் பங்கிட்டது: இந்தியாவுக்கு 525,000 பேர்; இலங்கைக்கு 300,000 பேர்; மேலும் 150,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசிக்கொள்வதாம்!

இனி, இதற்கு நேர்மாறான ஒரு காட்சியைக் காண்போம். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 அக்டோபர் 30 முதல் இந்நாட்டில் நிரந்தரமாக வாழ்ந்துவரும் இந்திய வம்சாவளியினருக்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் பிரஜாவுரிமை அளித்தது. ஐக்கிய நாடுகளின் அகதிகளுக்கான உயர் ஆணையகத்தின் துணையோடு, நடமாடும் முகாம்கள் தோட்டப்புறங்களுக்கே சென்றன. தொண்டர்கள் மக்களின் பக்கத்தில் அமர்ந்து எழுதிக் கொடுத்தனர். பத்தே நாட்களில் சுமார் 190,000 பேர் பிரஜாவுரிமை பெற்றனர். அரை நூற்றாண்டாக முடியாதது பத்து நாளில் முடிந்தது எங்ஙனம்? மக்கள் மாறிவிட்டனரா? இல்லை, சட்டம் இரங்கியது, படிவம் இறங்கி வந்தது. குறை எங்கே இருந்தது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

இப்பொழுது அந்தப் பசறைத் தாயின் வெற்றுத்தாளுக்குத் திரும்புவோம். பி.டி.எஃப். என்பது 1993இல் அடோபி நிறுவனம் வெளியிட்ட முறை. எந்தப் பொறியிலே திறந்தாலும் பக்கம் ஒரே தோற்றத்தில் இருக்கவேண்டும் என்பதே அதன் நோக்கம். அதிலே நிரப்பும் கட்டங்கள் பின்னரே சேர்ந்தன. நாம் எழுதும் விடை ஓரிடத்திலும், அவ்விடையின் தோற்றம் வேறோரிடத்திலுமாக அதனுள்ளே வைக்கப்படுகின்றன. ஒரு மென்பொருள் விடையை மட்டும் எழுதித் தோற்றத்தை வரையாது விட்டால், தோற்றத்தை மட்டும் பார்க்கும் மற்றொரு மென்பொருளுக்குக் கட்டம் வெறுமையாகவே தெரியும். கட்டத்துக்குரிய எழுத்துருவிலே தமிழ் இல்லையாயின், பெயருக்குப் பதிலாகச் சிறு சதுரங்களே நிற்கும்.

ஓரெழுத்துக்கு ஒரு கட்டம் என்னும் படிவங்களில் இடர் இன்னும் மிகுதி. 'பழனிச்சாமி' என்னும் பெயர் நமக்கு ஆறு எழுத்து. கணினியோ விசிறியையும் புள்ளியையும் காலையும் தனித்தனியே எண்ணி, அதனைப் பத்தாகக் கொள்ளும். எட்டுக் கட்டமே உள்ள படிவத்தில் அவன் பெயர் பாதியிலே நின்றுவிடும். குடும்பப் பெயர் கேட்கும் கட்டத்தில், தந்தையின் பெயரை முதலெழுத்தாகக் கொண்ட பிள்ளை எதை எழுதுவான்? வீட்டிலக்கமும் வீதிப் பெயரும் இன்றி அடுத்த பக்கம் திறவாத படிவத்துக்கு, கடிதமெல்லாம் தோட்டத்து ஆபீசுக்கே வந்துசேரும் லயத்துக் குடும்பம் என்ன விடை சொல்லும்?

ஆகவே நேயர்களே, நிரப்பிய படிவத்தை அனுப்புமுன் வேறொரு மென்பொருளிலும் திறந்து பாருங்கள். அச்சிட்ட தாளைக் கடையிலேயே சரிபாருங்கள். படிவம் வகுக்கும் அலுவலர்களுக்கும் என் வேண்டுகோள் ஒன்றுண்டு. வெளியிடுமுன், தோட்டத்துத் தாய் ஒருவரைப் பக்கத்தில் இருத்தி, அவர் பிள்ளையின் பெயரைத் தமிழிலே நிரப்பி, அச்சிட்டுப் பாருங்கள். கைப்பட எழுதும் தாளையும் ஒருபுறம் வைத்திருங்கள்.

அந்தப் பையனின் படிவத்தை முடிவிலே பேனாவால் எழுதி அனுப்பினோம். "இப்பத் தெரியுதா சார்?" என்று கேட்ட அந்தத் தாய், தாளைக் கையில் வாங்கி, மகனின் பெயரை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தார்.