படலத்தின் சிதைவும் விஞ்ஞானத்தின் வரலாறும்

விஞ்ஞான வரலாற்றைத் தனிமனித மேதைமையின் வரலாறாகக் காண்பது ஒருதலைப்பட்சமானது. அதனை உற்பத்தியின் நேரடி நிழலாக மட்டும் காண்பதும் அத்தகையதே. சூடேற்றப்படும் சிலிக்கன் படலத்தின் சிதைவு பற்றிய ஆய்வு இவ்விரு நோக்குகளையும் மறுக்கின்றது.

சிலிக்கனின் உருகுநிலை 1414 பாகை செல்சியஸ். எனினும் ஒட்சைட்டின் மீதுள்ள, ஏறத்தாழ 10 நனோமீற்றர் தடிப்புடைய படலம், உயர் வெற்றிடத்தில் 900 பாகையை எட்டுமுன்னரே குலைகின்றது. அது உருகுவதில்லை. மேற்பரப்பு அணுக்கள் இடம்பெயர, ஓரங்கள் பின்வாங்கித் தடித்து, விரல்களாகப் பிரிந்து, ஈற்றில் தனித்தனித் தீவுகளாகின்றன. மேற்பரப்புச் சக்தி குறைவதே இம்மாற்றத்தின் உந்துவிசையாகும்.

இதனை விளக்கும் கோட்பாடு குறைகடத்தித் தொழிலுக்காகப் பிறந்ததன்று. தன் சுற்றளவினும் நீண்ட திரவ உருளை துளிகளாக உடையும் என்பதைப் பிளாற்றோ 1873இல் வெளியிட்ட நூலில் எடுத்துரைத்தார். சூடேறிய உலோகங்களின் மணியெல்லைகளில் பள்ளங்கள் தோன்றுவதை மலின்ஸ் 1957இல் விளக்கினார். சுரொலோவிற்ஸ், சஃப்ரான் ஆகியோர் 1986இல் இச்சிந்தனையைத் திண்மப் படலங்களுக்கு விரித்தனர். ஆயினும், ஒட்சைட்டின் மீது சிலிக்கன் படலம் அமைந்த தகடுகள் 1990களில் பேரளவு உற்பத்திக்கு வந்து, படலங்கள் மேலும் மெலிந்தபோதே இவ்வறிவு தொழிலுக்கு இன்றியமையாததாயிற்று. தடிப்பில் நேர்ந்த அளவு மாற்றம் பண்பு மாற்றமாயிற்று.

இன்று ஆய்வாளர் படலத்தை முன்கூட்டியே செதுக்கி, அதே சிதைவினைக் கொண்டு ஒழுங்கான தீவுகளை ஆக்குகின்றனர். உற்பத்தி வினாவை எழுப்பிற்று. விடையோ வேறொரு காலத்தில், வேறொரு பொருளை ஆராய்ந்தோரின் உழைப்பில் ஏலவே விளைந்திருந்தது.