பாலாற்றுக்கு வந்த தீர்ப்பு

ஓரிக்கைப் பாலத்தில் நின்று பாருங்கள், வருஷத்தில் பாதி நாள் பாலாறு மணல்தான். மணலுக்கடியில் ஊறும் தண்ணீருக்கு ஒரு வழக்கு நடந்த கதை இது.

வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கம் ஒரு காலத்தில் ஆவாரம்பட்டை போட்டுத் தோல் பதனிட்டார்கள். பிறகு குரோமிய உப்பு வந்தது. ஒரு கிலோ தோலுக்குச் சுமார் 35 லிட்டர் தண்ணீர்; அத்தனையும் கழிவாக வாய்க்காலிலும் ஆற்றிலும் போய்க் கிணறுகளில் இறங்கியது. வேலூர் வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி மையம் ஆராய்ந்து, ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியோ முழுதுமோ கெட்டுவிட்டது என்றது. (பட்டுக்குச் சாயம் தோய்க்கும் நம் ஊரும் யோக்கியம் பேச முடியாது.)

வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-இல் உச்ச நீதிமன்றம் போனது. 28-8-1996 அன்று நீதிபதி குல்தீப் சிங் அமர்வு, கெடுத்தவனே ஈடு கட்டவேண்டும், கெடுதல் முழுதாக நிரூபணமாகும்வரை கைகட்டி இருக்கக்கூடாது என்று தீர்ப்பளித்தது. பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவனாதலால் எனக்கு இதில் ஒரு சின்னக் கர்வம்: இரண்டாவது கோட்பாட்டைப் பிரான்ஸ் தன் அரசியல் சட்டத்தில் ஏற்றியது 2005-இல்தான்!

ஈட்டுத்தொகை பாக்கியைப் பாதிக்கப்பட்டவர்களுக்கு ஆறு வாரத்துக்குள் கொடுங்கள் என்று உச்ச நீதிமன்றம் மறுபடி உத்தரவிட்டது 30-1-2025 அன்று. நடுவில் 28 வருஷம்.