பின்னால் நின்றவர் அடித்த கோல்



இந்த ஆண்டு மலருக்குச் சரித்திரக் கட்டுரை ஒன்று எழுதித் தரும்படி தலைமையாசிரியர் என்னைக் கேட்டுக்கொண்டார். "சரித்திரம்னா ராஜா கதைதானே சார்?" என்று ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன் குறுக்கே கேட்டான். ராஜா கதையும் உண்டு. ஆனால் நம் வீடுகளில் பெரியவர்கள் இன்றும் பேசிக்கொள்கிற சரித்திரம் வேறு. என் வீட்டில் அது ஒரு ஹாக்கி ஆட்டம்.

என் தாத்தா பால்மரம் வெட்டியவர். இருட்டோடு எழுந்து பெரட்டுக்குப் போய், தோளில் காண்டா தூக்கி வாழ்ந்தவர். ஹாக்கி மட்டையை அவர் கையால் தொட்டதே கிடையாது. தோட்டத்துத் திடலில் நடந்தது பந்து விளையாட்டும் சடுகுடுவும்தான். ஹாக்கி என்பது ஈப்போ பட்டணத்துப் பள்ளிக்கூடங்களின் ஆட்டம். ஆனாலும் 1975-ஆம் ஆண்டு மார்ச் மாதம் தோட்டமே ஹாக்கி பேசியது. மூன்றாவது உலகக் கிண்ணப் போட்டி நம் நாட்டில், கோலாலம்பூரில் நடந்தது. பெரிய கிராணி வீட்டு வாசலில் வானொலியைச் சுற்றி ஒரு கூட்டம். வர்ணனை புரிந்தவர்கள் புரியாதவர்களுக்குச் சொல்ல, அவர்கள் லயத்து வீடுகளுக்குச் செய்தி கொண்டு ஓடினார்களாம்.

நம் குழுவினர் அந்த முறை செய்தது சாதாரணக் காரியம் அல்ல. 1973-இல் உலகக் கிண்ணத்தை வென்ற நெதர்லாந்தையே 2–1 என்று சாய்த்தார்கள். பூன் ஃபூக் லோக் பெயர் வீட்டுக்கு வீடு தெரிந்தது. ஸ்ரீ சண்முகநாதன், மகேந்திரன், பாலசிங்கம் என்று நம் காதுக்குப் பழகிய பெயர்களும் அந்தக் குழுவில் இருந்தன. அரையிறுதியில் எதிரே வந்து நின்றது இந்தியா.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்தக் காலம் தோட்டத்தில் மனக்கசப்பு ஆறாத காலம். 1969-க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் வேண்டும் என்று ஆனதால், எத்தனையோ குடும்பங்கள் கப்பலேறி ஊருக்குத் திரும்பிவிட்டன. தாத்தாவின் அண்ணன் குடும்பமும் அதில் ஒன்று. ஆகவே வானொலி முன்னால் உட்கார்ந்தவர்களில் ஒருவர், "நாம யாரு பக்கம்ப்பா?" என்று கேட்டாராம். தாத்தா யோசிக்கவே இல்லையாம். "நான் வெட்டுற மரம் எங்க இருக்கோ அந்தப் பக்கம்" என்றாராம்.

மலேசியா 2–1 என்று முன்னணியில் இருந்தது. ஆட்டம் மொத்தம் 70 நிமிடம். மிச்சம் இருந்தது ஏறக்குறைய ஐந்தே நிமிடம். இறுதியாட்டம் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. அப்போது இந்தியாவுக்கு ஒரு பெனால்டி கார்னர் கிடைத்தது. ஃபுல்பேக் மைக்கேல் கிண்டோவை வெளியே எடுத்துவிட்டு, அதுவரை பெஞ்சில் உட்கார்ந்திருந்த இன்னொரு ஃபுல்பேக்கை இறக்கினார்கள். போபாலைச் சேர்ந்த அஸ்லம் ஷேர் கான். 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அகமது ஷேர் கானின் மகன். கழுத்தில் கிடந்த தாயத்தை எடுத்து முத்தமிட்டுவிட்டு அடித்தார் என்று அந்த ஆட்டத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் மறக்காமல் எழுதுவார்கள். பந்து வலைக்குள் போனது. 2–2. கூடுதல் நேரத்தில் ஹர்சரண் சிங் மூன்றாவது கோலைப் போட, 3–2 என்று கனவு முடிந்தது. மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் மேற்கு ஜெர்மனியிடமும் தோற்று நான்காம் இடம் பெற்றோம். உலகக் கிண்ணத்தில் அதைவிட உயர்ந்த இடத்தை 2023 போட்டி வரை நாம் எட்டவில்லை.

தாத்தா கண்மூடும் வரை ஒரு கேள்வியை விடவில்லை. "அவன் பேக்குதானே? பின்னால நிக்க வேண்டியவன். அவன் எப்படிடா வந்து கோல் அடிச்சான்?"

நல்ல கேள்வி. அதற்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

அந்நாளைய ஹாக்கியில் ஐவர் முன்னணி, மூவர் நடுவணி, இருவர் ஃபுல்பேக், ஒருவர் கோல் காவலர். முன்னால் நிற்பவர் அடிக்க வேண்டும், பின்னால் நிற்பவர் தடுக்க வேண்டும் என்பதே எல்லாரும் நினைத்த தர்மம். அந்த எண்ணத்தை அசைத்தது பெனால்டி கார்னர். ஒருவர் கோல் கோட்டிலிருந்து பந்தைத் தள்ளிவிட, இன்னொருவர் கையால் நிறுத்த, மூன்றாமவர் ஓங்கி அடிப்பார். அந்தக் காலத்தில் கையால் நிறுத்த அனுமதி இருந்தது. அந்த அடிக்கு ஓட்டமும் வளைப்பு நெளிப்பும் தேவையில்லை. தோள் வலுவும் நேரான வீச்சும்தான் தேவை. எதிரியின் பந்தை வெட்டி நெடுந்தூரம் அனுப்பிப் பழகிய ஃபுல்பேக்குகளிடம்தான் அந்த அடி இருந்தது.

இந்தியாவின் பிரிதிபால் சிங் இதற்கு நல்ல உதாரணம். ஃபுல்பேக்காக நின்றுகொண்டே 1964 தோக்கியோ ஒலிம்பிக்கில் தம் நாட்டுக்கு அதிக கோல்கள் போட்டவர் அவர். ஆனால் எனக்குப் பிடித்தது அவர் போடாத கோல். பாகிஸ்தானுக்கு எதிரான அந்த இறுதியாட்டத்தில் பிரிதிபால் அடித்த பெனால்டி கார்னர், எதிரணி ஃபுல்பேக் முனீர் தாரின் காலில் பட்டது. அதனால் பெனால்டி ஸ்ட்ரோக் கிடைத்து, மொகிந்தர் லால் அதைக் கோலாக்கினார். 1–0, தங்கம். ஏட்டில் மொகிந்தர் லால் பெயர்தான் இருக்கும். பயந்து நின்ற ஒரு கால்தான் அந்தக் கோலுக்குக் காரணம் என்பது ஆட்டத்தைப் பார்த்தவனுக்குத்தான் தெரியும்.

1975 இறுதியாட்டத்திலும் இதே கதைதான். பாகிஸ்தான் முதலில் கோல் போட்டது. சமன் செய்தவர் சுர்ஜித் சிங். அவரும் ஃபுல்பேக், அதுவும் பெனால்டி கார்னர்! அதன் பிறகு தியான் சந்தின் மகன் அசோக் குமார் வெற்றிக் கோலை அடித்தார். ஆக, இந்தியா கிண்ணம் தூக்கிய அந்த இரண்டு ஆட்டங்களிலும், தோல்வி வாசலில் நின்ற குழுவைத் திருப்பி அழைத்து வந்தவர்கள் பின்னால் நின்றவர்கள். இதைத் தாத்தாவிடம் சொல்லியிருந்தால், "எங்கள மட்டுமா ஏமாத்துனான், பாகிஸ்தானையுமா?" என்று கொஞ்சம் ஆறுதல் அடைந்திருப்பார்.

பெனால்டி கார்னரோடு விஷயம் முடிந்துவிடவில்லை. ஒரு ஃபுல்பேக் பந்தோடு நடுக்கோட்டைத் தாண்டி வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். நம் முன்னணி ஆட்டக்காரர் ஒவ்வொருவரையும் எதிரணியில் ஒருவர் நிழல்போல் ஒட்டிக்கொண்டிருப்பார். இவரை ஒட்ட ஆள் இல்லை. யாராவது ஒருவர் தம் ஆளை விட்டுவிட்டு இவரைத் தடுக்க வர வேண்டும். வந்தால் அங்கே ஓட்டை. வராவிட்டால் இவரே வட்டத்துக்குள் புகுந்துவிடுவார். இவரைத் துரத்திக்கொண்டு எதிரணியின் முன்னணி ஆட்டக்காரனும் பின்னால் ஓடியாக வேண்டும். கோல் போட வைத்திருந்த மூச்சு அதில் பாதி போய்விடும். 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் செயற்கைத் திடல் வந்த பிறகு இது இன்னும் கூடிற்று. புல் திடலில் மேடு பள்ளத்தில் துள்ளிய பந்து, அங்கே தண்ணீரில் வழுக்குவதுபோல் போகிறது. பின்னாலிருந்து ஒரே தள்ளலில் நாற்பது ஐம்பது அடி தாண்டி முன்னணிக்குப் போய்ச் சேருகிறது.

நம் ஈப்போ அஸ்லான் ஷா அரங்கத்தில் இதைக் கண்ணாரக் காணும் பாக்கியம் நமக்குக் கிடைத்தது. 1983-இல் தொடங்கிய சுல்தான் அஸ்லான் ஷா கிண்ணப் போட்டி உலகத்து ஃபுல்பேக்குகளை நம் வாசலுக்கே கொண்டுவந்தது. பாகிஸ்தானின் சொஹைல் அப்பாஸ் 348 அனைத்துலக கோல்கள் போட்டவர், அவரும் ஃபுல்பேக்தான். நான் நேரில் பார்த்தது 2009 இறுதியாட்டம். இந்தியக் குழுவின் தலைவர் சந்தீப் சிங். 2006-இல் ரயிலில் போகும்போது தவறுதலாக வெடித்த துப்பாக்கிக் குண்டு பாய்ந்து, சக்கர நாற்காலியில் கிடந்து, மீண்டும் எழுந்து வந்தவர். அந்தப் போட்டியிலேயே அதிக கோல் போட்டவரும் இந்த ஃபுல்பேக்தான். இந்தியாவுக்குப் பெனால்டி கார்னர் என்று நடுவர் கை காட்டும்போதெல்லாம் எங்கள் பக்கத்துக் கொட்டும் கூச்சலும் பட்டென்று அடங்கிப்போகும். அந்த அமைதியை நான் இன்னும் மறக்கவில்லை. 3–1 என்று தோற்றோம். பஸ்ஸில் திரும்பி வரும்போது ஒருவரும் பேசவில்லை. (அதே கிண்ணத்தை 2022-இல் மலேசியா முதன்முறையாக வென்றது. அன்றைக்குப் பள்ளி வேலை, போக முடியவில்லை!)

முன்னால் போகும் ஃபுல்பேக்கால் நஷ்டமும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. அவர் விட்டுப்போன இடம் காலி. பந்து பறிபோனால் எதிரி அந்த வழியாகத்தான் வருவான். ஆகவே அவர் கிளம்பும்போது நடுவணியில் ஒருவர் சொல்லாமலே பின்னால் இறங்கி நிற்க வேண்டும். அந்த மனுஷன் பெயர் எந்தப் பத்திரிகையிலும் வராது. என்னைக் கேட்டால் பாதி மாலை அவருக்குப் போட வேண்டும்.

நான் மாணவனாக இருந்தபோது வலது பேக். ஒருமுறை எதிரே யாருமே இல்லாமல் பந்து என் மட்டைக்கு வந்தது. ஓடத் தொடங்கினேன். "கோட்டைத் தாண்டாதே! உன் வேலை அங்கதான்!" என்று ஓரத்திலிருந்து பயிற்றுநர் கத்தினார். நின்றுவிட்டேன். அந்த ஆட்டத்தில் நாங்கள் ஒரு கோலில் தோற்றோம். ஓடியிருந்தால் ஜெயித்திருப்போமா என்பது தெரியாது. ஆனால் நின்றது மட்டும் இன்றைக்கும் உறுத்துகிறது.

தாத்தாவின் கணக்குத் தீர்ந்தது 2018-இல். ஆகஸ்டு 30-ஆம் நாள், ஜக்கார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டி அரையிறுதி. மறுபடியும் மலேசியாவும் இந்தியாவும். இந்தியா 2–1 முன்னணி. அந்த இரண்டு கோலையும் போட்டவர்கள் ஹர்மன்பிரீத் சிங், வருண் குமார், இருவருமே பின்காவல் ஆட்டக்காரர்கள். முடிய ஓரிரு நிமிடம் இருக்கையில் நமக்கு ஒரு பெனால்டி கார்னர். அடித்தவர் ராஸி ரஹிம். நம் தற்காப்பு ஆட்டக்காரர்! 2–2. பிறகு ஷூட் அவுட்டில் 7–6 என்று வென்றோம். 43 ஆண்டுக்கு முன் அவர்கள் நமக்குச் செய்ததை அப்படியே திருப்பிச் செய்தோம். அப்பா தொலைக்காட்சி முன்னால் எழுந்து நின்று, சுவரில் மாட்டியிருந்த தாத்தா படத்தைப் பார்த்து, "பாத்தீங்களா, நம்ம பேக்கு!" என்றார். இறுதியாட்டத்தில் ஜப்பானோடு 6–6 என்று முடிந்து ஷூட் அவுட்டில் தோற்றோம். ஆறு கோல் போட்டும் தங்கம் கிடைக்கவில்லை என்றால், நான் மேலே சொன்ன அந்தக் காலி இடத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

கடைசியாக நம் பள்ளி விஷயம். தோட்டத்தில் பால்மரம் போய் செம்பனை வந்துவிட்டது. பிள்ளைகள் எண்ணிக்கையும் குறைந்துவிட்டது. ஆனாலும் ஹாக்கிக்குப் பதினொரு பேர் வருகிறார்கள். அதில் ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி பேக். அம்மா செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்குகிறவர். சென்ற மாதம் அவள் மட்டையை ஊன்றிக்கொண்டு கேட்டாள்: "சார், பந்து கெடச்சா நான் முன்னால போலாமா?"

"போ. போறதுக்கு முன்னால பின்னால ஒருத்தர நிக்கச் சொல்லிட்டுப் போ" என்றேன்.

போகிறாள். இரண்டு முறை பந்தைப் பறிகொடுத்து கோல் வாங்கினோம். மூன்றாம் முறை வட்டம் வரை போய்விட்டாள். இப்போது எங்களிடம் இருப்பது ஆறே மட்டைகள். பதினொரு பேரும் மாற்றி மாற்றிப் பிடிக்கிறார்கள். பயிற்சி புதனும் வெள்ளியும் மாலை நாலரை மணிக்கு. பெற்றோர்கள் பிள்ளைகளைச் சிலிப்பரோடு அனுப்பாமல் சப்பாத்துப் போட்டு அனுப்பிவைக்குமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.