வெளிநாட்டில் வீடு வாங்குவோர் அறிய வேண்டிய விதிகள்: உச்சவரம்பு, வரி, தண்டனை

கரோல் பாக் (புதுதில்லி):
வெளிநாட்டில் முதலீட்டு நோக்கில் வீடு, கடை போன்ற அசையாச் சொத்து வாங்குவதை இந்தியச் சட்டம் தடை செய்யவில்லை. ஆனால், அதற்கான பணம் எவ்வழியில் நாட்டைவிட்டுச் செல்கிறது என்பதே அச்சொத்து சட்டப்பூர்வமானதா என்பதைத் தீர்மானிக்கிறது.

நகைக் கடைகளும் ஜவுளிக் கடைகளும் நிறைந்த தில்லி கரோல் பாகைச் சேர்ந்த வணிகர் ஒருவர், தமது சேமிப்பைக் கொண்டு துபாயில் அடுக்குமாடிக் குடியிருப்பு வாங்க விரும்புவதாகக் கொண்டால், அவருக்குப் பொருந்தும் முக்கிய விதிகள் வருமாறு:

ஆண்டுக்கு 2.5 லட்சம் டாலர்

இந்திய ரிசர்வ் வங்கியின் தாராளமயமாக்கப்பட்ட பணம் அனுப்பும் திட்டத்தின் (எல்ஆர்எஸ்) கீழ், இந்தியாவில் வசிக்கும் தனிநபர் ஒரு நிதியாண்டில் 2.5 லட்சம் அமெரிக்க டாலர் வரை அனுப்பலாம். 2004-ஆம் ஆண்டு இத்திட்டம் தொடங்கப்பட்டபோது வரம்பு 25,000 டாலராக இருந்தது. பணம் அனுப்ப 'பான்' எண் கட்டாயம்.

துபாயில் சொத்து அடிப்படையிலான 'கோல்டன் விசா' பெற, அதன் மதிப்பு குறைந்தது 20 லட்சம் திர்ஹமாக இருக்க வேண்டும். இது சுமார் 5.45 லட்சம் டாலர். அதாவது, ஒருவரின் இரண்டு ஆண்டு வரம்பும் இதற்குப் போதாது. குடும்ப உறுப்பினர்கள் தங்கள் வரம்புகளை ஒன்றுசேர்க்கலாம். ஆனால், பணம் அனுப்புவோர் அனைவரும் சொத்தின் இணை உரிமையாளர்களாக இருக்க வேண்டும்.

இவ்வகை முதலீட்டுக்கான பணம் அனுப்ப இந்திய வங்கிகள் கடன் வழங்கக் கூடாது. எனவே, கட்டுமான நிறுவனங்கள் விளம்பரப்படுத்தும் பல ஆண்டுத் தவணைத் திட்டத்தில் சேருவோர், ஒவ்வோர் ஆண்டும் வரம்புக்குள் சொந்தப் பணத்தைச் செலுத்த முடியுமா என முன்கூட்டியே கணக்கிடுவது அவசியம்.

20 சதவீத முன்வரி

ஒரு நிதியாண்டில் முதலீட்டுக்காக ரூ.10 லட்சத்துக்கு மேல் அனுப்பப்படும் தொகைக்கு, 20 சதவீதம் மூலத்தில் வசூலிக்கப்படும் வரியாக (டிசிஎஸ்) வங்கி பிடித்தம் செய்யும். 2025 ஏப்ரல் 1-க்கு முன் இந்த வரம்பு ரூ.7 லட்சமாக இருந்தது.

உதாரணமாக, ரூ.1 கோடி அனுப்புபவரிடம் ரூ.18 லட்சம் வசூலிக்கப்படும். இது கூடுதல் வரியன்று. வருமான வரிக் கணக்கில் ஈடுசெய்யலாம் அல்லது திரும்பப் பெறலாம். எனினும், பணம் அனுப்பும் நாளில் ரூ.1.18 கோடி கையிருப்பில் இருக்க வேண்டும்.

வாடகைக்கும் வரி உண்டு

துபாயில் தனிநபர் வருமான வரி இல்லை. ஆயினும், இந்தியாவில் வழக்கமாக வசிப்போரின் உலகளாவிய வருமானத்துக்கு இங்கு வரி விதிக்கப்படுவதால், அங்கு கிடைக்கும் வாடகையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 24 மாதங்களுக்கு மேல் வைத்திருந்து சொத்தை விற்றால், ஆதாயத்துக்கு 12.5 சதவீத நீண்டகால மூலதன ஆதாய வரி பொருந்தும்.

மறைத்தால் இரட்டைச் சிக்கல்

வெளிநாட்டுச் சொத்தை, வருமானம் இல்லாவிட்டாலும், கணக்குத் தாக்கலின்போது அதற்குரிய அட்டவணையில் குறிப்பிட வேண்டும். தவறினால், 2015-ஆம் ஆண்டின் கருப்புப் பணச் சட்டப்படி ரூ.10 லட்சம் அபராதம் விதிக்கப்படலாம். கணக்கில் காட்டாத வருமானத்தில் வாங்கிய சொத்தாக இருந்தால், மதிப்பில் 30 சதவீத வரியும், அவ்வரியைப் போல் மூன்று மடங்கு அபராதமும் உண்டு. அதாவது, செலுத்த வேண்டிய தொகை சொத்தின் மதிப்பையே மிஞ்சிவிடும்.

இங்கு ரொக்கம் கொடுத்து அங்கு பத்திரம் பெறும் 'ஹவாலா' வழி, அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தை (ஃபெமா) மீறுவதாகும். இத்தகைய வழக்கில், வெளிநாட்டுச் சொத்துக்கு இணையான மதிப்புள்ள இந்தியச் சொத்தை அமலாக்கத் துறை பறிமுதல் செய்ய இயலும். துபாய் வீட்டுக்காக, கரோல் பாகில் உள்ள கடையையே இழக்க நேரிடலாம்.

வாங்குமுன் கவனிக்க வேண்டியவை

துபாயில் வெளிநாட்டவர் முழு உரிமையுடன் சொத்து வாங்க, குறிப்பிட்ட பகுதிகளில் மட்டுமே அனுமதி உண்டு. பதிவுக் கட்டணம் சொத்து மதிப்பில் 4 சதவீதம். கட்டுமானத்தில் உள்ள குடியிருப்புக்கான தொகையை, அத்திட்டத்துக்கெனத் தொடங்கப்பட்ட எஸ்க்ரோ கணக்கில் மட்டுமே செலுத்த வேண்டும். வங்கி வழங்கும் பணம் அனுப்பிய சான்று, டிசிஎஸ் சான்றிதழ், விற்பனை ஒப்பந்தம், உரிமைப் பத்திரம் ஆகியவற்றைச் சொத்து கைவசம் உள்ளவரை பாதுகாத்து வைப்பது அவசியம்.